பழைய ராலே சைக்கிளின் வளைந்த போர்க்கை என்ன செய்வது?

கேள்வி இதுதான். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் அப்புச்சி ஓட்டிய ராலே சைக்கிள். 28 இன்ச் வீல், கம்பி பிரேக். வாய்க்கால் பாலத்துக் கட்டையில் நேராக மோதியதில் முன் வீலைத் தாங்கும் போர்க் பின்னுக்குப் போய்விட்டது. வளைவில் திரும்பினால் பாதம் மட்கார்டில் இடிக்கிறது. ஒரு கடையில் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு கடையில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது போர்க் மாட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம், தம்பி. எது வளைந்திருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நிமிர்த்துவதா மாற்றுவதா என்ற பேச்சே வரும். காய்ச்சுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. போர்க்கின் குழாய்கள் குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்யப்படுபவை. அந்த இழுப்பில் அவற்றுக்குப் பலம் கூடுகிறது. செக்கச்செவேல் என்று காய்ச்சினால் அந்தப் பலம் இறங்கி இரும்பு இளகிவிடும். கால்கள் தோளில் பித்தளை வைத்துப் பற்றவைக்கப்பட்டவை என்பதால் பக்கத்தில் சூடு ஏறும்போது அந்த ஒட்டும் கெடலாம். காய்ச்சி நிமிர்த்திய போர்க் பார்வைக்கு நேராக இருக்கும், அடுத்த குழியில் அதே இடத்தில் மடங்கும். முன் போர்க் மடங்கினால் ஓட்டுகிறவர் தலைகீழாகத்தான் விழுவார்.

பேச வசதியாகப் பாகங்களைப் பிரித்துக்கொள்வோம். கீழே வீல் உட்காரும் இரண்டு காடிகள், அதற்கு மேல் இரண்டு கால்கள், கால்கள் சேரும் தோள், தோளிலிருந்து மேலே போய் ஃபிரேமின் முன்னால் இருக்கும் குட்டைக் குழாயான தலைக்குழாய்க்குள் நிற்கும் தண்டு. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்து போர்க் என்றே சொல்வார்கள். ஆனால் கால் வளைந்ததும் தண்டு வளைந்ததும் வேறு வேறு சங்கதி.

கழற்றுவதற்கு முன்னாலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஒரு நீள அலுமினியப் பட்டையைத் தலைக்குழாயின் நடுக்கோட்டில் பக்கவாட்டில் வைத்துக் கீழே வரை நீட்டிப் பாருங்கள். இந்த வகைச் சைக்கிளில் கால்களின் மேல் பாதி அந்தக் கோட்டிலேயே இறங்கி, கீழே போய்த்தான் முன்னுக்கு வளையும். தோளை விட்டு இறங்கியதுமே கால் கோட்டை விட்டுப் பின்னுக்குப் போனால் அடி தண்டிலோ தோளிலோ இருக்கிறது. பாதி வரை கோட்டோடு வந்து அப்புறம் விலகினால் கால் மட்டும் வளைந்திருக்கிறது. இரண்டாவது, முன் வீலைத் தரையை விட்டுத் தூக்கி ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் லேசாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் போனால் தண்டு வளைந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதி.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தலைக்குழாயை ஒட்டி மேல் பாரும் கீழ்ப் பாரும் வந்து சேரும் இடத்துக்குப் பின்னால், இரண்டு பாரின் அடிப்பக்கத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ சின்னப் புடைப்பு தட்டுப்பட்டாலோ ஃபிரேமும் அடி வாங்கியிருக்கிறது. அப்படியானால் போர்க்கை மட்டும் சரிசெய்து பிரயோஜனமில்லை. ஃபிரேமை அதற்கென்று செய்கிற நல்ல பட்டறையில் காட்டிவிட்டுத்தான் போர்க்குக்குச் செலவு செய்ய வேண்டும்.

சரி, இப்போது கழற்றலாம். வீல், பிரேக் கம்பி, மட்கார்டு எல்லாம் எடுத்த பிறகு ஹேண்டில்பாரின் மேல் போல்ட்டை நாலைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் கட்டையை வைத்து ஒரு தட்டு. உள்ளே இருக்கும் ஆப்பு விட்டுக்கொடுக்கும், ஹேண்டில் வந்துவிடும். கீழே ஒரு வேட்டித் துணியை விரித்துவிட்டு ஹெட் செட்டை, அதாவது தலைக்குழாயின் மேலும் கீழும் தண்டு சுழல வைத்த கப், கோன், குண்டு அடுக்கைத் திறவுங்கள். உள்ளே பெரும்பாலும் 5/32 இன்ச் குண்டுகள் உதிரியாகத்தான் இருக்கும், திசைக்கொன்றாக உருண்டு ஓடும்.

தண்டை டீசல் நனைத்த துணியால் துடைத்துச் சுத்தமாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். அடிக்கோன், அதாவது தோளுக்கு மேல் தண்டில் இறுகி நிற்கும் வளையம், உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே. மேலே மரை முடியும் கடைசிச் சுற்று. ஹேண்டிலின் ஆப்பு உள்ளிருந்து அழுத்திய இடம். விரிசல் வந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. தண்டை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளை மெல்லப் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக் கோடாகத் தெரியும். கோவை வார்ப்படப் பட்டறைகளில் இதையே சிவப்புச் சாய ஸ்பிரேயும் வெள்ளைப் பவுடரும் வைத்துச் செய்கிறார்கள். தெரிந்தவர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட் மூட்டை கட்டிப் போகும் ஒரு பெரியவரின் சைக்கிளை இப்படிப் பார்த்தது நினைவிருக்கிறது. அவர் சொன்ன புகார், பிரேக் பிடித்தால் ஹேண்டில் லேசாக நடுங்குகிறது என்பது மட்டும்தான். வெளியே ஒரு கீறல் கிடையாது. கோனைத் தட்டி எடுத்துத் தூளைப் பூசியபோது கோன் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு நூல் மேலே, தண்டின் முன்பக்கத்தில் பாதிச் சுற்றளவுக்கு ஈரக் கோடு வந்தது. வைஸில் பிடித்துக் கையால் அழுத்தியதும் கோடு வாய் திறந்தது. அந்தத் தண்டு எப்போதோ வளைந்து யாரோ நிமிர்த்தியது. துரு விரிசலுக்குள் வரை போயிருந்ததால், அது ரொம்ப நாளாகவே பிளந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு. தண்டில் விரிசல் இருந்தால், தண்டு வளைந்திருந்தால், தோளில் ஒட்டு விட்டிருந்தால், காலில் மடிப்பு விழுந்திருந்தால், நிமிர்த்தும் பேச்சே வேண்டாம். கால்கள் மட்டும் மடிப்பில்லாமல் சீராக வளைந்து, வீல் நடு அச்சு ஒரு இன்ச்சுக்குள் பின்னால் போயிருந்தால் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம், அதுவும் ஒரு தடவைதான். இரும்பை ஒவ்வொரு முறை வளைத்து நிமிர்த்தும்போதும் அந்த இடம் விறைத்து நொறுங்கும் குணத்துக்கு நெருங்குகிறது. முன்பே ஒரு தடவை நிமிர்த்திய அடையாளம் இருந்தால், ஒரே இடத்தில் பெயிண்ட் மேல் பெயிண்ட் இருப்பது அதற்கு ஒரு அடையாளம், மறுபடி தொடாதீர்கள்.

நிமிர்த்தும் முறை. போர்க் ஃபிரேமில் இருக்கும்போதே டயரைக் காலால் மிதித்து இழுப்பதுதான் பல கடைகளில் வழக்கம். அந்த இழுப்பு முழுவதும் தலைக்குழாய்க்கும் பார்களுக்கும் போகும். போர்க்கைக் கழற்றித் தோளையும் தண்டின் அடியையும் மரக்கட்டை வைத்த வைஸில் பிடிக்க வேண்டும், மரை மேல் வைஸ் வாய் படவே கூடாது. காடிகளில் பழைய ஆக்சில் ஒன்றை இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்கி, அதன் நடுவில் நீளக் குழாயைக் கோத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு பட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். அதிகமாக இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளுவது இரும்புக்கு இரட்டைத் தண்டனை. முடிந்ததும் லேத்துப் பட்டறையில் அளவு பார்க்கும் சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் தண்டைப் படுக்கவைத்து இரண்டு காடியும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே பார்க்க வேறொரு வழியும் உண்டு. வீலை மாட்டி ரிம் எந்தக் காலுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, வீலை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். நெருக்கம் அதே காலில் நின்றால் கோளாறு போர்க்கில். நெருக்கமும் பக்கம் மாறினால் கோளாறு ரிம்மில், அது ஸ்போக் கம்பியை இழுத்துச் சரிசெய்கிற வேலை.

பாதம் மட்கார்டில் இடிக்கிறது என்றீர்களே, அதோடு முடியவில்லை. முன்வளைவு, அதாவது வீல் அச்சு தலைக்குழாயின் கோட்டை விட்டு முன்னால் தள்ளி நிற்கும் தூரம், குறைந்தால் சைக்கிள் நடக்கும் விதமே மாறும். 28 இன்ச் வீலில் டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 355 மில்லிமீட்டர். தலைக்குழாய் 66 பாகை சாய்ந்திருப்பதாகவும் போர்க்கின் முன்வளைவு 80 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குழாயின் கோட்டைத் தரை வரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே 70 மில்லிமீட்டர் வரும். ஹேண்டில் தானாக நேருக்குத் திரும்புவது இந்த இடைவெளியால்தான். மோதலில் முன்வளைவு 55 ஆகக் குறைந்தால், சாய்வு மாறவில்லை என்று கொண்டாலும் இடைவெளி 98 ஆகிவிடும். ஹேண்டில் கனக்கும், மெதுவாகப் போகும்போது வீல் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். அதனால் மாற்று போர்க் வாங்கும்போதும் முன்வளைவு பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புது போர்க்கிலும் இதே கனம் வந்து சேரும்.

இப்போது மாற்றும் பாகம். ராலேக்காரர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. தண்டின் வெளி விட்டம் பெரும்பாலான பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களில் 1 இன்ச். ஆனால் மரை ஒன்றல்ல. நாட்டிங்ஹாமில் ராலே கம்பெனி தன் சைக்கிள்களுக்கு இன்ச்சுக்கு 26 மரை வெட்டியது. மற்ற ஆங்கிலேயக் கம்பெனிகள் பெரும்பாலும் 24 மரை. ஒன்றில் மரை இடைவெளி 0.98 மில்லிமீட்டர், மற்றதில் 1.06. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 24 மரைத் தண்டில் 26 மரை நட்டைப் போட்டால் இரண்டு மூன்று சுற்று சொகமாக ஏறி அப்புறம் பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரில் குழாயைச் சொருகி முடுக்கினால் இரண்டும் போயிற்று. அரை இன்ச் நீளத்தைக் குறித்துக்கொண்டு மரையை எண்ணுங்கள். 13 வந்தால் 26 மரை, 12 வந்தால் 24. லேத்துப் பட்டறைகளில் மரை கேஜ் இருக்கும், ஒரு நொடியில் தெரிந்துவிடும். உங்கள் சைக்கிளின் முன் பேட்ஜில் நாட்டிங்ஹாம் என்று இருந்தாலும் சரி, மேற்கு வங்காளத்து ஆசன்சோலில் செய்த சென் ராலேயாக இருந்தாலும் சரி, பேட்ஜை நம்பாமல் மரையை எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டும். போர்க் முன்பே ஒரு தடவை மாறியிருக்கலாமே.

மரை பொருந்தவில்லை என்றால் போர்க்கோடு சேர்த்து ஹெட் செட்டையும் மாற்றிவிடலாம், அது யோக்கியமான வழிதான். அப்போது தலைக்குழாயில் புதுக் கப்பு இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் தகரம் வைத்து அடைக்காதீர்கள். இன்னொரு அளவு, அடிக்கோன் உட்காரும் இடம். இது 26.4 மில்லிமீட்டரும் இருக்கும், 27.0 மில்லிமீட்டரும் இருக்கும். 27.0 உள்ள போர்க்கை லேத்தில் 26.4 ஆகக் கடைந்துகொள்ளலாம். 26.4 உள்ளதில் 27.0 கோன் போட்டால் லொடலொடக்கும். கடைக்குப் போகும்போது பழைய போர்க், கோன், முன் வீல் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் முன் காடிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் பழைய ஹப் அதைவிட ஒடுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தண்டின் நீளத்துக்குத் தலைக்குழாயின் நீளத்தோடு கப், கோன், நட்டு எல்லாம் அடுக்கி வரும் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீளமான தண்டை வாங்கி வெட்டி, டை (மரை வெட்டும் அச்சு) போட்டு மரையைக் கீழே இறக்கித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். இதில் எச்சரிக்கை தேவை. 1 இன்ச் தண்டுக்குள் 22.2 மில்லிமீட்டர் ஹேண்டில் கட்டை இறங்குகிறது என்றால் தண்டின் சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். மரை வெட்டினால் அதில் 0.65 போய்விடும், மிச்சம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹேண்டிலின் ஆப்பு இந்த மெலிந்த பகுதிக்குள் நின்று விரிந்தால் தண்டு அங்கேயே பிளக்கும். மரை எவ்வளவு கீழே போகிறதோ, ஆப்பு அதற்கும் கீழே போக வேண்டும்.

பொருந்தும் போர்க் எங்கே கிடைக்கும்? நல்ல வழி, ஓடாமல் கிடக்கும் இன்னொரு ராலே. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். அதைவிட, சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் விசாரிப்பது பலன் தரும் என்பது என் எண்ணம். நம் பக்கத்தில் கடற்கரை ஊர்களைப் போல உப்புக்காற்று இல்லை, அட்டாலியில் (பரணில்) தூக்கிப் போட்ட சைக்கிளின் தண்டுக்குள் துரு அதிகம் ஏறியிருக்காது. மாடு கட்டும் கட்டுத்தரையில் சார்த்தி வைத்தது என்றால் யோசிக்க வேண்டும். மாட்டுக் கோமியமும் ஈரமும் பட்டுக் காடிப் பக்கம் அரித்திருக்கும். எங்கே கிடைத்தாலும் மேலே சொன்ன தூள் சோதனையைச் செய்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கிடைக்காவிட்டால் லூதியானாவிலிருந்து வரும் 28 இன்ச் ரோட்ஸ்டர் போர்க் இருக்கிறது. கனமானது, விலை குறைவு, அன்றாடம் ஓட்டுவதற்குத் தாராளமாகப் போதும். பக்கவாட்டில் கூடுதல் கம்பி வைத்த பாரவண்டி போர்க் மட்டும் ராலேக்கு வேண்டாம், மட்கார்டும் கம்பி பிரேக்கும் அதில் சிக்கும். கம்பி பிரேக்கின் வழிகாட்டிகளைக் கால்களில் பிடிக்க இடம் இருக்கிறதா, மட்கார்டுக் கம்பிக்கு ஓட்டை இருக்கிறதா, தோளின் தடிமன் தலைக்குழாயின் அடியோடு ஒத்துவருகிறதா என்று பார்த்து எடுங்கள். காடியிலிருந்து அடிக்கோன் வரை உயரமும் முக்கியம். 10 மில்லிமீட்டர் கூடினால் சைக்கிளின் முன்பக்கம் தூக்கி, தலைக்குழாயின் சாய்வு ஏறத்தாழ அரைப் பாகை மாறிவிடும்.

ராலேயின் தோள் அழகு தனி. குழாய் வடிவத் தோளும் கால்களின் தலையில் வைத்த மூடியும் வேறு போர்க்கில் வராது. அப்புச்சியின் சைக்கிள் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. கால்களும் தோளும் நன்றாக இருந்து தண்டு மட்டும் கெட்டிருந்தால், பழைய தண்டை எடுத்துவிட்டுப் புதுத் தண்டு பற்றவைக்கலாம். நானாக இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், கைதேர்ந்த ஆள் கிடைத்தால் மட்டும். தண்டுக்கு சீம்லெஸ், அதாவது மூட்டில்லாத குழாய்தான் வேண்டும். தண்ணீர்க் குழாய் வேண்டாம், அதன் மேல் இருக்கும் துத்தநாகம் சூட்டில் புகைந்து பற்றவைக்கிறவருக்குக் காய்ச்சல் கொண்டுவரும், ஒட்டும் பிடிக்காது. ஆர்க் வெல்டிங்கும் கூடாது. கேஸ் வைத்து, வெங்காரம் போட்டு, பித்தளையை இடுக்கு முழுவதும் ஓடவிட வேண்டும். பித்தளைக்கு 900 டிகிரி அளவுக்குச் சூடு போகும். வெள்ளி கலந்த கம்பியானால் 650, 700-லேயே ஓடும், செலவு கூடும், பழைய இரும்புக்கு நல்லது. காய்ச்சக் கூடாது என்று சொல்லிவிட்டு இப்போது சூடு வைக்கச் சொல்கிறீர்களே என்று கேட்பீர்கள். இங்கே சூடு படுவது கனமான தோளும் புதுத் தண்டின் அடியும்தான், கால்களை ஈரத்துணி சுற்றிக் காப்பாற்றலாம். வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கக் கூடாது, காற்றில் தானாக ஆற வேண்டும். பட்டறையில் அவசரத்துக்குச் சொய்ங் என்று முக்கும் பழக்கம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பம்ப்செட் வேலை செய்து பழகிய லேத்துக்காரர்கள் தண்டைக் கடைந்து 26 மரை வெட்டித் தருவார்கள். டையை நம்பாமல் லேத்தில் வெட்டச் சொல்லுங்கள், மரை நேராக வரும்.

பெயிண்ட் விஷயம் உங்கள் விருப்பம். ஃபிரேமின் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போர்க்குக்கு மட்டும் நிறம் சேர்த்து அடிக்கலாம். மரையிலும் கோன் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் படக்கூடாது.

மாட்டும்போது குண்டுகளைப் புதிதாகவே போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. கிரீஸ் நிறைய வைத்து, குண்டுகளை வரிசையாக அடுக்கி, ஒரு குண்டு அளவு இடம் விட்டுவிடுங்கள். மேல் கோனைக் கையால் இறுக்கி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் நிற்கும் இடம் பார்த்து மேல் நட்டைப் பூட்டுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் தலையில் டொக் டொக் என்று சத்தம் வரக்கூடாது. முதல் ஓட்டம் மூட்டை, பிள்ளைகள் யாரும் இல்லாமல் ஆளில்லாத ரோட்டில். மெதுவாகப் போய் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஹெட் செட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும்.

கழற்றிய பழைய போர்க்கில் விரிசல் இருந்திருந்தால் அதை அப்படியே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். தண்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டுப் போடுங்கள். முழுசாகப் போனால் யாராவது ஒருவர் பெயிண்ட் அடித்து இன்னொரு சைக்கிளில் மாட்டிவிடுவார்.